புளி போட்டுத் தேய்த்த குறடு

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் இது நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். என் கணவர் ஓய்வு நேரங்களில் செல்போனில் துரு எடுப்பதைப் பார்க்கிறார். ஏதோ குளிர் தேசத்தில் ஒருவர், கறுப்பு உறை மாட்டிய கையால் துருப்பிடித்த குறடு ஒன்றை மேஜைமேல் வைக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் தேய்க்கிறார். கடைசியில் அது கல்யாணப் பாத்திரம் மாதிரி பளபளக்கிறது. எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தால், "இரு, இப்பத்தான் ஆசிட்ல போடறான்" என்பார். நான் சமையலறையிலிருந்தே, "புளி போட்டாப் போறும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

உலகத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. இரும்புத் துருவுக்குப் புளி என்பது அவற்றில் ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், ஒரு கோடையிலிருந்து அந்த வருஷத்து மழைக்காலம் வரை நான் கற்ற பாடம் அது. என் படிப்பில் மிச்சம் எதுவும் இவ்வளவு நாள் நிற்கவில்லை.

அப்பாவின் தங்கை எனக்கு அத்தை. அவளுடைய கணவரை அத்திம்பேர் என்று கூப்பிடுவோம். பல்லாவரத்தில் குடியிருந்தார்கள், குழந்தை கிடையாது. அந்தப் பங்குனியில், பல்லாவரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அத்திம்பேர் பிறகு எழுந்திருக்கவில்லை. அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடும், பழைய புடவையில் கட்டிய காகித மூட்டையோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மூட்டையில் இருந்தவை வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைகள். நம் வீடுகளில் அப்போது எல்லாரும் சேர்த்தோம். என்றைக்காவது பைண்டு பண்ணுவோம் என்ற நம்பிக்கையில் சேர்த்து, கரையானுக்குக் கொடுத்தோம்.

அத்திம்பேர்மேல் எங்கள் வீட்டில் நல்ல அபிப்பிராயம் இருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். எதை எக்ஸ்போர்ட் செய்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. எக்ஸ்போர்ட் என்பதே அன்றைக்குப் போதுமான விவரமாக இருந்தது. வேலையிலிருந்து திரும்பினால் நேரே கொல்லைப்பக்கம் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆசாரமா" என்று அப்பா வியப்பார். இன்னொன்று, அத்தைக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு இடது கால் சற்றுக் குட்டை. கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகவே விந்தி நடப்பாளாம். கல்யாணமான பிறகு விந்தல் அநேகமாகத் தெரியவில்லை. எல்லாம் கல்யாண யோகம் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

அத்தை வந்த சில வாரங்களில் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். "ஸாரோட டூல்ஸ்" என்று வாசல்படியில் வைத்தார்கள். போன ஐப்பசி மழையில் ஒழுகின இடத்தில் இருந்துவிட்டதாம், துரு ஏறிவிட்டதாம். கொஞ்ச நேரம் நின்றார்கள், போய்விட்டார்கள். "உள்ளே வந்து ரெண்டு வார்த்தை துக்கம் விசாரிக்கத் தெரியலை பாரு" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. மெழுகும் பசையும் பழைய மழையும் கலந்த மாதிரி. அத்தை குனிந்து முகர்ந்தாள். "அவர் சட்டை வாசனை" என்றாள். அம்மா பெட்டியைத் தூக்கிக் கொல்லை வெயிலில் வைத்தாள்.

உள்ளே ஐந்து சாமான்கள். முகம் காளான் குடை மாதிரி அகன்ற ஒரு சுத்தி. பிறை வடிவக் கத்தி ஒன்று. மரப்பிடி போட்ட தடித்த ஊசி. விரல் நீளத்தில் வெளுத்த, வழவழப்பான ஒரு பட்டை. பிறகு அந்தக் குறடு. கிளி மூக்கு மாதிரி வளைந்த வாய், வாய்க்குக் கீழே தாடை வீங்கினது போல ஒரு சின்னச் சுத்தித் தலை. பட்டை தவிர மற்ற நான்கும் துருவில் பூசணிக்காய் நிறத்துக்கு வந்திருந்தன.

மறுநாளே அத்தை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, வெண்கலப் பானை தேய்க்கிற வழி. ஊறின புளியை இரும்பில் அப்பி வெயிலில் வைப்பாள். காய்ந்து கறுத்ததும் தேங்காய் நாரில் செங்கல் பொடி தொட்டுத் தேய்ப்பாள். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கடைசியில் நல்லெண்ணெய். கொல்லை முழுக்க ரசம் வைத்த இடத்தில் பஸ் ரிப்பேர் ஆன மாதிரி ஒரு மணம். கோடை விடுமுறையில் எனக்கும் ஒரு பிடி நார் கிடைத்தது. நான் உற்சாகமாக ஊசியின் மரப்பிடியைத் தேய்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடியைத் தேய்க்காதேடி. அது அழுக்கு இல்லை."

பிடியில் கட்டைவிரல் பதிகிற இடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அத்தை தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். பள்ளம் பெரிது, அவள் விரல் உள்ளே ஆடியது.

துரு போகப் போக, இது என்ன சாமான் என்ற கேள்வி பெரிதானது. குறட்டின் காலில் ஒரு கிரீட முத்திரையும், அதன்கீழே தேய்ந்த ஆங்கில எழுத்துகளும் வெளிப்பட்டன. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த அப்பா, பாலிசிக் கையெழுத்தைச் சரிபார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஆராய்ந்தார். "வெள்ளைக்காரன் சாமான்" என்று தீர்ப்புச் சொன்னார். "டெலிபோன் கம்பி இழுக்கறதுக்கு."

"பல் பிடுங்கறது மாதிரின்னா இருக்கு" என்றாள் அம்மா.

"எக்ஸ்போர்ட் கம்பெனியில எதுக்குடி பல் பிடுங்கறான்?"

"எதுக்கு டெலிபோன் கம்பி இழுக்கறான்?"

வெளுத்த பட்டையை அப்பா தந்தம் என்று கண்டுபிடித்து, தினமும் காலையில் படிக்கும் பாராயணப் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகிக்கொண்டார். பிறைக் கத்தியை அம்மா எடுத்துக்கொண்டாள். அந்தக் கோகுலாஷ்டமிக்குத் தேங்காய் பர்பி போட்டது அதில்தான். அந்த வருஷம் மாதிரி விளிம்பு பிசிறாமல் பர்பி எப்போதும் வந்ததில்லை என்று அம்மா பிற்காலத்தில் சொல்வாள், கொஞ்சம் தயக்கத்தோடு.

எங்களுக்கெல்லாம் அது விளையாட்டு. அத்தைக்கு அப்படி இல்லை. ஒரு நாள் குறட்டைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "காலம்பற போவார், இருட்டினப்புறம் வருவார். நடுவுல என்ன பண்றேள்னு நான் கேட்டதே இல்லை அண்ணா. என்ன சமைக்கட்டும்னு கேட்டிருக்கேன். அவர் கை நாள் முழுக்க என்ன பண்ணித்துன்னு இப்ப எனக்குத் தெரியணும். யாரையாவது கேட்டுச் சொல்லேன்."

அப்பா கேட்டது எதிர்வீட்டு மாமாவை. மாமா அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர், டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் ஆராய்ந்தது தோல் என்பது தெருவுக்கே தெரியும். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் தோலும் சுத்தமாகிவிடும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. நவராத்திரிக்குச் சில நாள் முன்னால் பேப்பர் வாங்கிப்போக வந்தவரிடம் அப்பா சாமான்களைக் காட்டினார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். என்னைக் காபிப்பொடி வாங்க அனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் நடந்ததை அம்மா எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மர்மம் காக்கிற வயது எனக்குப் போய்விட்டது.

மாமா குறட்டைக் கையில் வாங்கியதுமே, "ஓய், இது ஷூ பண்றவா சாமான்னா" என்றாராம். "மேல்தோலை இழுத்து, கால் மாதிரி செதுக்கின மர அச்சுல மாட்டறதுக்கு. சுத்தி, தோலைத் தட்டறதுக்கு. இந்தக் கத்தி தோல் வெட்டறது. அருமையா தேய்ச்சு வெச்சிருக்கேளே."

அம்மா "பர்பி" என்று மட்டும் சொன்னாளாம்.

அப்பா பாராயணப் புத்தகத்திலிருந்து பட்டையை உருவி நீட்டினார். "இது தந்தம்தானே சார்?"

"மாட்டெலும்பு. தோல்ல மடிப்பு எடுக்கறதுக்கு."

அப்பா அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம். ஏற்றுமதி என்னவென்பதும், தோல் ஷெட்டுகள் நிறைந்த பல்லாவரத்தில் குடியிருந்தது ஏன் என்பதும், வந்ததும் குளிக்கிற ஆசாரம் எதற்கு என்பதும் அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒன்றாக விளங்கியிருக்க வேண்டும். மாமா கிளம்பினார். வாசலில் அத்தையின் செருப்பு கிடந்தது. கோயிலுக்கு அவள் வெறுங்காலோடு போவாள். செருப்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் தெருவில் மாமாவுக்கு மட்டும்தான் இருந்தது. புரட்டினார், அழுத்தினார்.

"இது யாரோடது? கடைச் செருப்பு இல்லை இது. இடது அடியில கால் அங்குலம் கூட வெச்சு, வெளில தெரியாம உள்ளுக்குள்ள தைச்சிருக்கு. கால் குட்டையா இருக்கறவாளுக்குன்னு பண்ணினது. பேஷான வேலை ஓய்."

தீபாவளிக்குத் தீபாவளி அத்திம்பேர் அத்தைக்கு ஒரு ஜோடி செருப்பு கொண்டுவருவது வழக்கம். எந்தக் கடையில் வாங்கினார் என்று அவர் சொன்னதில்லை.

மாமா போனதும் அம்மா, "சொல்லிடலாமேன்னா. அவளுக்காகப் பண்ணியிருக்கார்" என்றாளாம். அப்பா தலையை ஆட்டினார். "நம்மாத்து மாப்பிள்ளை செருப்பு தைச்சார்னு அவகிட்டே நான் எப்படிடி சொல்லுவேன்? அவர்மேல இருக்கற மரியாதை ஒண்ணுதான் அவளுக்கு மிச்சம். அது அப்படியே இருக்கட்டும்." அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்.

நான் காபிப்பொடியோடு வந்தபோது அத்தையும் வந்துவிட்டாள். அப்பா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, "கண்டுபிடிச்சாச்சு" என்றார். "புஸ்தகம் பைண்டிங் பண்ற சாமான். வெளிநாட்டுக்குப் போற பெரிய பெரிய புஸ்தகம். ஊசி தைக்கறதுக்கு, கத்தி விளிம்பு வெட்டறதுக்கு."

"குறடு?"

அப்பா குறட்டைப் பார்த்தார். "அட்டையை இழுத்துப் பிடிக்கறதுக்கு."

"புஸ்தகமா" என்றாள் அத்தை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். குறட்டை மடியில் வைத்துக்கொண்டு, "புஸ்தகமா பண்ணினார்" என்று இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் அவள் பார்வை அலமாரிக்கு மேலே இருந்த புடவை மூட்டைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து சேர்த்து வெச்சிருக்கேன். அவர் கண் முன்னாடிதான் கிழிப்பேன். ஒரு நாள், 'குடு, தைச்சுத் தரேன்'னு சொல்லலியே அண்ணா."

"வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்."

"ஊருக்கெல்லாம் தைச்சிருக்கார்" என்றாள்.

அந்தச் சரஸ்வதி பூஜைக்கு அத்தை சாமான்களைப் புத்தக அடுக்கின் உச்சியில் வைத்தாள். புத்தகம் பண்ணுகிற சாமான்கள் வேறு எங்கே இருக்கும்? பூஜை செய்தவர் அப்பா. சுத்திக்கு, கத்திக்கு, ஊசிக்கு, குறட்டுக்கு, மாட்டெலும்புக்கு, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தான் சொன்ன பொய்க்குத் தானே கற்பூரம் காட்டினார். அடுத்து வந்த வருஷங்களிலும் அது தவறவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது முறை. நான் பாடப் புத்தகத்தை எடுத்து ஒரு வரி படித்து மூடினேன். அத்தை மூட்டையை அவிழ்த்தாள். மைதாப் பசை காய்ச்சினாள், பழைய காலண்டர் அட்டையை எடுத்தாள், அத்திம்பேரின் ஊசியால் துளை போட்டாள், அந்தக் காளான் சுத்தியால் முதுகைத் தட்டினாள். முதல் தொடர்கதை வயிறு உப்பின புத்தகமாக வந்தது. ஏழாம் அத்தியாயம் தலைகீழாக இருந்தது. அதையும் வாங்கிப் படித்தேன். கதையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

போகப் போக நன்றாகவே தைத்தாள். பக்கத்து வீட்டார் தங்கள் மூட்டைகளைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் முடியும்போது எடுத்துத் தடவிப் பார்த்து, "அவருக்கு இது ஒரு மணி நேர வேலை" என்பாள். முதலில் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள். ஐப்பசியில் அவர் என்று சொல்வதையே விட்டுவிட்டாள். சாவு நடந்த வீடுகளில் போனவர்கள் நாளாக நாளாக நல்லவர்களாகிக்கொண்டே போவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். எங்கள் அத்திம்பேர் மட்டும் போன பிறகு கெட்டவராகிக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொரு புத்தகத்தையும் வாங்கிப் பார்த்து, "பேஷ்" என்று சொல்லிக் கீழே வைப்பார்.

அந்த மழையில் அத்தையின் செருப்பு அடி விட்டுப்போயிற்று. மந்தைவெளி பஸ் நிறுத்தத்துக்கு அருகில் குடை, செருப்பு, பை எல்லாம் தைக்கிற ஒருவரிடம் கொடுத்தாள். மறுநாள் நானும் அவளும் வாங்கப் போனோம். அவர் பெருமையாக எடுத்து நீட்டினார்.

"இன்னாம்மா செருப்பு இது, ஒண்ணு தடியா கீது, ஒண்ணு ஒல்லியா கீது. உள்ள ஏதோ வெச்சு அமுக்கிகினு இருந்துச்சு. புட்டு எறிஞ்சிட்டு ரெண்டையும் சமமா ஆக்கிட்டேன். இப்ப நடந்து பாரு."

அத்தை நடந்தாள். வீடு வரும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றிலிருந்து விந்தல் திரும்பிவிட்டது. துக்கம் காலில் இறங்கிவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

எதற்கும் லீவு போடாத அப்பா ஒரு நாள் லீவு போட்டார். அத்தையிடம், "வேற நல்ல ஆள்கிட்ட குடுத்துப் பார்க்கறேன்" என்று செருப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரம் போனார். இதுவும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பெனியில் அப்பா யார் என்று தெரிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். அவர்களில் ஒருவர் பரண்மேலிருந்து ஒரு ஜோடி மரக்கட்டையை எடுத்து வந்தார். அத்தையின் கால்கள்.

"இது ஸாரு ஊட்டம்மா அச்சு. அவரே செதுக்கினாரு. வருசா வருசம் தீபாவளிக்கு முன்னாடி எடுத்து வெச்சுக்கினு உக்காருவாரு. வேற ஒருத்தரையும் தொட வுடமாட்டாரு."

அந்த அச்சில் மாட்டி, அத்திம்பேர் தைத்த மேல்வாரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது பக்கம் பழையபடி கனம் வைத்து அடி தைத்தார்கள். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத அப்பா, அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். "ஸாரோட சாமானெல்லாம் பத்திரமா கீதா?" என்று கேட்டார்களாம்.

"பூஜையில இருக்கு" என்றாராம் அப்பா.

அவர்களில் ஒருவர் அழுதுவிட்டார். அச்சை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார்கள். அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு அத்தை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து பார்த்தது எனக்கே நினைவிருக்கிறது. கால் சமமாகப் பதிந்தது. திரும்பி வந்து நின்று, "யார்கிட்ட தைச்சே?" என்றாள்.

"பல்லாவரத்துல. அவர் வாங்கின கடைதான்."

"கண்டுபிடிச்சுட்டியா?" அத்தை ஆச்சரியப்பட்டாள். குனிந்து காலைப் பார்த்தாள். அந்தச் செருப்பில் நின்றபடியே, "செருப்புக் கடையையே கண்டுபிடிச்சுட்டே. அவர் தைச்ச புஸ்தகம் ஒண்ணு எங்கேயாவது இருக்காதா? தேடிப் பாரேன் அண்ணா" என்றாள். "எனக்குன்னு பண்ணலைன்னாலும், அவர் பண்ணினதா ஒண்ணு என்கிட்ட இருக்கணும்."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தாளாம். "பார்க்கறேன்" என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையிலிருந்து கெட்டி அட்டை போட்ட தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்ன புஸ்தகம்?" என்று கேட்டாள். "சயின்ஸ்" என்றார் அப்பா. அது கோழி வளர்ப்பு. உள்ளே கோழிப் படங்கள் இருந்த பக்கங்களை முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்.

அத்தை புத்தகத்தின் முதுகைத் தடவினாள். தையலை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "என்ன நேர்த்தி" என்று சொல்லிவிட்டு அழுதாள். அத்திம்பேர் போனபோது அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அழுதாள்.

அதற்குப் பிறகு அவர் என்று மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் புத்தகம் கடைசிவரை அவள் தலைமாட்டில் இருந்தது. தூங்கும் முன்பு ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொள்வாள். செருப்பு, வாசலுக்கு வெளியே, செருப்பு கிடக்க வேண்டிய இடத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடக்கும்.